ராஜையன் கொத்தனாரின் காலை

மண்டைக்காடு,
24 நவம்பர் 2025

ஜெஸ்பின் மக்களே,

அம்மா எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப்போடத் தோன்றும். ஒரு பக்கமாவது படித்துவிட்டுக் கிழி. போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் மாமியின் போனுக்குக் கூப்பிட்டால் "அவ உறங்குதா" என்கிறார். வயிற்றில் பிள்ளை இருந்தால் உறக்கம் வரும்தான், அதற்காகப் பதினேழு நாளும் ஒரே உறக்கமா? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் குழித்துறை வந்துவிடும். வந்து நின்று நீ கதவைத் திறக்கவில்லை என்றால் திரும்பி நடக்க எனக்குக் கால் வராது. அதனால் தபாலில் வருகிறேன்.

நான் செய்ததை என் வாயாலேயே ஒருதடவை சொல்லிவிடுகிறேன். இருபத்தேழு வருடம் அண்டி ஆபீஸில் முந்திரி உடைத்தேன். அப்பா போய்ச் சேர்ந்தார், உன் கல்யாணமும் முடிந்தது, வீட்டில் நானும் சுவரும் மட்டும். நாகர்கோவிலில் ஒரு காலேஜில் பி.ஏ. நாடகம் தொடங்கியிருக்கிறார்கள், வயது தடையில்லை என்று சபையில் யாரோ சொன்னார்கள். நாற்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தேன். நீ சிரித்தாய். கிறிஸ்மஸ் நாடகத்தில் ஏரோது வேஷம் போட்டது போதாதா என்று கேட்டாய். அந்த ஏரோதுதான் காரணம் என்று அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது. தாடி ஒட்டிக்கொண்டு நின்ற பத்து நிமிஷமும் என் கையில் முந்திரித் தோட்டு எண்ணெயின் வாடை இல்லை மக்களே.

இப்போது இரண்டாம் வருடம், இந்த செமஸ்டரில் ஒரு தாள். வருடக்கணக்காகப் பார்த்த ஒரு மனிதரை, பேச்சே இல்லாமல், மேடையில் நடித்துக்காட்ட வேண்டும். நான் உன் அப்பாவை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஏழரை மணிக்குக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற அப்பாவை. பீரோவில் இருந்த அவருடைய நீலக்கட்டம் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டேன். கூடப் படிக்கிற ஜெனிலா அதைப் போனில் எடுத்து எங்கள் வகுப்புக் குழுவில் போட்டாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, நல்லது செய்வதாக நினைத்துத்தான் போட்டாள். அது எந்தெந்தப் போன் ஏறி உன் மாமியார் வீட்டுக் கூடத்துக்கு வந்தது என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, தப்புதான். பிப்ரவரியில் உனக்கு ஏழாம் மாதம். நான் சோறும் பலகாரமும் கொண்டுவந்து உன்னைப் பேறுக்குக் கூட்டிவர வேண்டும். தலைப்பிள்ளை அம்மா வீட்டில்தான் பிறக்க வேண்டும். அதற்குள் உன் கோபம் தீர்ந்தால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அம்மா
நேசபாய்


குழித்துறை,
3 டிசம்பர் 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். குழந்தையும் நலம் என்று டாக்டர் சொன்னார்.

அப்பா குடியால் போகவில்லை, நெஞ்சுவலியில் போனார் என்றுதான் இந்த வீட்டில் சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்று நான் அப்படிச் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். ஸ்டெனி அத்தான் வேலைக்கு மஸ்கட்டுக்குப் போகும்போதுகூட அவரிடம், என் அப்பா ஒரு பீடிகூடக் குடிக்காதவர் என்றேன். அப்படித்தான் இந்த வீட்டில் அப்பா இருந்தார்.

அன்று மாமியும் நாத்தனார்மார் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தார்கள். போன் கைமாறிக் கைமாறி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கேவலமாகச் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நன்றாக இருந்ததால் சிரித்தார்கள். உங்கள் முகம் தெரிவதற்கு முன்னால், முதல் அடி வைத்தபோதே, அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு காலால் செருப்பைத் துழாவினீர்களே, அந்த இடத்தில் மாமி, "இது ஆர மாதிரி செய்யுதாவ?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய் வாந்தி எடுத்தேன். மசக்கை என்று நினைத்துக்கொண்டார்கள்.

செத்துப்போனவர் திரும்பி வந்து நான் அப்படியில்லை என்று சொல்ல முடியாது. அவருக்காகக் கேட்க நான் மட்டும்தான் இருக்கிறேன்.

ஏழாம் மாதம் சோறு கொண்டு வர வேண்டாம். இங்கேயே பெற்றுக்கொள்கிறேன்.

ஜெஸ்பின்


மண்டைக்காடு,
14 டிசம்பர் 2025

மக்களே,

பால் குடித்த நாளிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். கடிதம் முழுக்க நீங்கள், உங்கள். ரேஷன் கடையில் எனக்குக் கிடைக்கிற மரியாதை அது. அதைப் படித்துவிட்டு ஆராதனைக்குப் போனேன், பாட்டு வாயில் வரவில்லை.

நான் அவரைக் கிண்டல் செய்தேன் என்று நினைக்கிறாய். எப்படி அங்கே போய் நின்றேன் என்று சொல்கிறேன், கேள். எங்கள் வகுப்பு ஒரு பெரிய அறை. சுவரெல்லாம் கறுப்பு, ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் காலையா மதியமா தெரியாது. தரையில் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். பூங்கனி மிஸ் மெதுவாகப் பேசிக்கொண்டே நடப்பார். உடம்பு தண்ணீர், தண்ணீர் தரையில் பரவுகிறது என்பார். முதல் மாதம் நான் படுத்ததும் குறட்டை விட்டேன், பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் செத்தார்கள். பிறகு பழகிவிட்டது. உறக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு இடம் இருக்கிறது ஜெஸ்பின். சானல் தண்ணீரில் மல்லாந்து மிதந்தால் காதுக்குள் ஊர்ச் சத்தம் தூரமாகக் கேட்குமே, அப்படி இருக்கும்.

அப்படிக் கிடந்தபோது ஒருநாள் மிஸ், "ஒருத்தர் உங்களப் பாத்து நடந்து வாறாங்க. கண்ணத் தொறக்காம கேளுங்க" என்றார். மற்றவர்களெல்லாம் யோசித்தார்கள். நான் யோசிக்கவே இல்லை, உடனே கேட்டது. சானல் கரையிலிருந்து நம்முடைய வாசல் வரை நூற்றுப்பன்னிரண்டு அடி. பத்தொன்பது வருடம் அடுக்களையில் நின்று அதை எண்ணியிருக்கிறேன். நாற்பதாவது அடிக்குள் எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்குச் சோற்றுப் பானையை ஒளிக்க வேண்டுமா, உன்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்று. அந்தச் சத்தத்தை என் காலில் எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

எடுத்த பிறகு ஒன்று நடந்தது. அந்த நடைக்குள் நின்றதும் எனக்குப் பயம் வந்தது. என் பயம் இல்லை, அவருடைய பயம். வீட்டுக்கு வரப் பயப்படுகிற நடை அது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பயந்துகொண்டிருந்த காலமெல்லாம் அந்தப் பக்கத்திலும் ஒரு மனிதர் பயந்துகொண்டேதான் வந்திருக்கிறார். அவர் உயிரோடு இருந்தபோது எனக்கு இது தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒருநாளாவது வேறு மாதிரி கதவைத் திறந்திருப்பேன். வகுப்பு முடிந்து கழிவறையில் உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று சொல்லாதே. ஏப்ரலில் ஆண்டுப் பரீட்சை. அதே மனிதருடைய ஒரு முழு நாளைச் செய்ய வேண்டும். காலை எட்டு நிமிஷம், மதியம் எட்டு, சாயங்காலம் எட்டு. மதியம் எனக்குத் தெரியும், நம்முடைய சுவரைக் கட்டினபோது பார்த்திருக்கிறேன். காலைதான் தெரியாது. ஐந்தேகாலுக்கு அண்டி ஆபீஸ் வண்டி வந்துவிடும், அப்போது நீயும் அவரும் உறக்கம். காலையை ஏதாவது கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

நல்லா சாப்பிடு. ஐலை மீன் சாப்பிடு.

அம்மா


குழித்துறை,
5 ஜனவரி 2026

அம்மா,

கற்பனை செய்யாதே. அப்பாவைக் கற்பனை செய்ய உனக்கு யார் உரிமை கொடுத்தது?

உனக்கு அவருடைய காலை தெரியாது, சரிதான். எனக்குத் தெரியும். உன் வண்டிச் சத்தம் போனதும் எழுந்துவிடுவார். சத்தம் போடாமல் தண்ணீர் காயவைப்பார். கை நடுங்கும், தீக்குச்சி மூன்று நான்கு போன பிறகுதான் பற்றும். ஆனால் எனக்குத் தலை சீவும்போது நடுங்காது. இரட்டைப் பின்னல் போடுவார். ஒன்று மேலே, ஒன்று கீழே. பள்ளிக்கூடத்தில் பெமிலா டீச்சர் தினமும் அவிழ்த்துக் கட்டுவார். நான் ஒருநாளும் அப்பாவிடம் அதைச் சொன்னதில்லை.

பிறகு சானல் கரை வழியாகத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். ஐந்து வயது வரை, இல்லை ஆறு வயது வரை. பனி இருக்கும். தண்ணீரிலிருந்து புகை எழும்பும், அக்கரை தெரியாது. எனக்கு மேலேயிருந்து பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் கரையில் போகவில்லை, தண்ணீர் மேல் போகிறோம் என்றிருக்கும். அவர் கட்டின சுவர் எது வந்தாலும் நின்று விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். உறங்குகிறதா என்று பார்க்கிறேன் என்பார். சுவர் உறங்குமா என்று நான் கேட்டால், நல்லா கட்டினால் உறங்கும் என்பார். அந்த நேரத்தில் அவர்மேல் சுண்ணாம்பு வாடையும் லைப்பாய் சோப்பு வாடையும் மட்டும்தான். வேறு எந்த வாடையும் கிடையாது.

இப்போது மதியம் படுத்தால் இதெல்லாம் வருகிறது. இங்கே ஜன்னலைத் திறந்தால் ஆறு. பாலத்தில் வண்டி போகிற சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும், அதிலேயே கண் செருகிவிடும். நான் தோளில் இருக்கிறேன், என் வயிற்றில் ஒருத்தர் இருக்கிறார், மூன்று பேருமாகத் தண்ணீர் மேல் போகிறோம். எழுந்த பிறகு இதில் எது நடந்தது, எது நான் கண்டது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பின்னல் நடந்தது. சுவரும் நடந்தது.

நீ ஏழரை மணி அப்பாவை மட்டும் ஊருக்குக் காட்டினாய். ஊரும் அவரை மட்டும்தான் வைத்துக்கொள்ளும்.

ஜெஸ்பின்


மண்டைக்காடு,
19 ஜனவரி 2026

எனக்க மக்களே,

நீ என்று எழுதிவிட்டாய். கோபத்தில் எழுதினாலும் பரவாயில்லை.

அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். முதலில் அழுதேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது, உன்மேல் இல்லை, அந்த மனுஷன்மேல். தலை சீவத் தெரியுமா அவருக்கு? பத்தொன்பது வருடத்தில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு தந்ததில்லை. சுவர் உறங்குகிறது என்று உன்னிடம் பேசத் தெரிந்தவருக்கு என்னிடம் "சோறு போடு" தவிர ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஆளை எனக்குக் காட்டவே இல்லையே ஜெஸ்பின். நான் முந்திரி உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு நல்ல வீட்டில் குடியிருந்திருக்கிறீர்கள். பொறாமையாக இருக்கிறது. பெற்ற மகளிடம் பொறாமைப்படுகிற கிறுக்கி என்று சொல்லிக்கொள்.

நீ எழுதினதை வைத்துக் காலையைப் பழகிப் பார்த்தேன். தீக்குச்சி, பின்னல், சுவர் எல்லாம் வரிசையாகச் செய்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மிஸ் தட்டவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, "நேசபாய், நீங்க இப்ப ஒரு மனுஷன நடிக்கல. ஒரு லெட்டர நடிக்கிறீங்க" என்றார். உண்மைதான். சாயங்காலம் வரும்போது என் கால் தானாகப் போகிறது. காலையில் கால் என்னைப் பார்த்து எங்கே போகட்டும் என்று கேட்கிறது.

நீ வீட்டுக்கு வா. உட்கார்ந்துகொண்டே சொல்லிக்கொடு. தோளில் தூக்கும்போது குனிவாரா, முட்டி போடுவாரா? அடி நீளமா, குட்டையா? பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அம்மா


குழித்துறை,
2 பிப்ரவரி 2026

அம்மா,

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பேறுக்கும் மூன்று மாதம்தான் இருக்கிறது.

என்னிடம் இருந்ததே அந்தக் காலை ஒன்றுதான். அது உனக்காக எழுதினது. நீ அதைக் கொண்டுபோய் வகுப்பில் செய்து கைதட்டு வாங்கியிருக்கிறாய். பின்னலைச் செய்தாயா? பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அதைப் பார்த்தார்களா? எழுதாமல் இருந்திருக்கலாம் என்று இருக்கிறது.

தலைப்பேறு மாமியார் வீட்டில் நடந்தால் இரண்டு வீட்டுக்கும் குறைச்சல் என்று மாமி சொல்லிவிட்டார். இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமைக்கு நாளும் பார்த்துவிட்டார். நீ வராமல் இருந்தால் ஊர் கேட்கும், அதனால் வா. ஆனால் உன்னோடு நான் வர வேண்டும் என்றால் நீ அந்தப் படிப்பை விட வேண்டும். பரீட்சை எழுதக்கூடாது. அப்பாவை இனி யாருக்கும் காட்டக்கூடாது. விட்டேன் என்று ஒரு வரி எழுது, நான் துணிமணி எடுத்து வைக்கிறேன்.

இது மிரட்டல் இல்லை. பயத்தில் கேட்கிறேன். பிள்ளையைப் பெற்றுவிட்டு அந்த வீட்டில் நாற்பது நாள் கிடக்க வேண்டும். பக்கத்து அறையில் நீ அப்பாவாக நடந்து பழகுகிற சத்தம் கேட்டால் என்னால் தாங்க முடியாது.

ஜெஸ்பின்


மண்டைக்காடு,
9 பிப்ரவரி 2026

மக்களே,

நாலு நாள் பேப்பரை எடுத்து எடுத்து வைத்தேன். விட்டேன் என்று எழுதவும் செய்தேன். அதைப் பார்த்தால் என் கையெழுத்து மாதிரியே இல்லை, கிழித்துவிட்டேன்.

விடமாட்டேன் ஜெஸ்பின்.

பதினெட்டு வயதில் அண்டி ஆபீஸ் போகச் சொன்னார்கள், போனேன். கட்டிவைத்தார்கள், கட்டிக்கொண்டேன். அடித்தார், பட்டேன். செத்தார், அழுதேன். நெஞ்சுவலி என்று சொல்லச் சொன்னாய், சொன்னேன். இந்தக் காலேஜ் ஒன்றுக்குத்தான் யாரும் சொல்லாமல் நானாகப் போனேன். அங்கே என்னை ராஜையன் பெண்டாட்டி என்றோ ஜெஸ்பின் அம்மா என்றோ கூப்பிடுவதில்லை, நேசபாய் என்று கூப்பிடுகிறார்கள். பத்தொன்பது வருடம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதற்கு எனக்கு மிஞ்சினது அந்த நடை ஒன்றுதான். உன் காலையை நீ வைத்துக்கொள். என் சாயங்காலத்தை என்னிடம் கேட்காதே.

பின்னலைச் செய்தது தப்பு. அதற்கு என்னை மன்னித்துக்கொள். இனி செய்யமாட்டேன், இது சத்தியம். வீட்டில் பழகவும் மாட்டேன், வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

சனிக்கிழமை வருகிறேன். உன் கட்டிலைக் கிழக்கு ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். நீ வந்தாலும் அது உன் கட்டில், வராவிட்டாலும் உன் கட்டில்.

அம்மா


மண்டைக்காடு,
3 மார்ச் 2026

ஜெஸ்பின்,

நான் சோறு கொண்டுவந்த அன்றைக்கு நீ எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டாய். முந்திரிக்கொத்துப் பலகாரத்தை எடுத்து உன் மாமிக்கு முதலில் கொடுத்தாய். சோறு ஊட்டினேன், வாயைத் திறந்தாய், என்னைப் பார்க்கவில்லை. பிறகு வாசல்வரை வந்து நின்றுகொண்டாய். எதிர்வீட்டு சண்முகவடிவு அக்கா, "மகள கூட்டிட்டுப் போகல்லியா?" என்று கேட்டார். டாக்டர் அலையக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். பொய் சொல்வதில் நம் இரண்டு பேருக்கும் ஒரே கை.

காலிப் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு குழியிலும் அது சத்தம் போட்டது. பேறுக்குக் கூட்டப் போனவள் ஒற்றையாகத் திரும்புவதை ஊர் பார்க்காமல் இருக்க இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நம்பமாட்டாய்.

இப்போது அம்மன் கோவில் கொடை நடக்கிறது. ரோடு முழுக்கச் சனம். கடற்கரை மணலில் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடக்கிறார்கள். நேற்றுக் காலை அவர்களுக்கு நடுவே நடந்துபோனேன். விடிகிற வெளிச்சத்தில் ஒரு அப்பா உறங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைக்குப் பக்கத்தில் நின்றார். பின்னாலேயே போய் அவர் நடையை எடுத்துப் பார்த்தேன். என் உடம்பில் ஒட்டவில்லை. அவர் வேறு யாரோ, நானும் வேறு யாரோ. என்னால் முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. காலை இல்லாமல் எப்படிச் செய்வேன் என்று மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

பரீட்சை ஏப்ரல் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. யாரும் வந்து பார்க்கலாம். தேதி தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா


குழித்துறை,
12 ஏப்ரல் 2026

அம்மா,

வெள்ளிக்கிழமை நான் கடைசி வரிசையில் இருந்தேன். இருட்டில் உனக்குத் தெரிந்திருக்காது.

சத்தியம் செய்திருக்கிறாயே, பின்னலைச் செய்கிறாயா என்று பார்க்கத்தான் வந்தேன். செய்திருந்தால் எழுந்து எல்லோர் முன்னாலும் கத்தியிருப்பேன். தனியாக விடமாட்டேன் என்று மாமியும் காரில் ஏறிவிட்டார். அந்த வீடியோவை அவர் இன்னும் போனில் வைத்திருக்கிறார், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ நீலச் சட்டையில் வந்தாய். பேசக்கூடாத தாளில் நீ பேசினாய். "இவரோட காலைய நான் பாத்ததில்ல. பாத்தவ எனக்க மக. அது அவளுக்குள்ளது. எட்டு நிமிஷமும் அப்படியே கெடக்கட்டும்" என்றாய். பிறகு ஓரத்தில் போய்க் காலி மேடையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாய். பரீட்சை பார்க்க வந்தவர் ஏதோ எழுதினார். யாரோ இருமினார்கள். மேடையில் மஞ்சள் வெளிச்சம் மட்டும் இருந்தது.

ஒரு நிமிஷம் கழித்து மாமி என் காதில், "ஏன் ஒண்ணும் நடக்கல்ல?" என்று கேட்டார். எனக்கு எப்படி அது வாயில் வந்தது என்று தெரியவில்லை. "நடக்கு மாமி. இப்ப எனக்க அப்பா தண்ணி காயவைக்காரு" என்றேன். அப்படியே சொல்லிக்கொண்டே போனேன். தீக்குச்சி, பின்னல், பனி, சானல், சுவர் எல்லாம். அந்த வெளிச்சத்தில் எனக்கு அவர் தெரிந்தார் அம்மா. குனிந்து தூக்கினார். எட்டு நிமிஷமும் இருந்தார். நீ அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்கும் தெரிகிற மாதிரிதான் பார்த்தாய். தெரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு மதியம் போய்ச் சாயங்காலம் வந்தது. நான் கண்ணை மூடவில்லை. நீ எழுதியிருந்த பயம் எனக்கும் தெரிந்தது. மாமி என் கையைப் பிடித்தார், வலிக்கிற அளவுக்கு. காரில் வரும்போது பாலம் தாண்டின பிறகு, "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் வருவாரு. மஞ்சக் காமாலையில போனாருண்ணு நான் சொல்லுவேன்" என்றார். வீட்டுக்கு வந்து மஸ்கட்டுக்குப் போன் போட்டு ஸ்டெனி அத்தானிடம் அப்பாவைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர், தெரியும் என்றார்.

வருகிற சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிப்போ. சோறு ஒன்றும் கொண்டு வராதே, வயிறு முட்டுகிறது. நீ மூன்றாம் வருடமும் படி. வீட்டுக்குள் பழகுவது மட்டும் வேண்டாம்.

ஜெஸ்பின்


மண்டைக்காடு,
17 ஜூன் 2026

எனக்க மக்களே,

நீ உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். நான் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு உன்னைக் குழித்துறைக்கு அனுப்ப வேண்டும். இதை உன் துணிப்பையில் அடியில் வைத்துவிடுவேன். எட்டடி தூரத்தில் இருக்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். முகத்தைப் பார்த்துச் சொன்னால் நீ வெட்கப்பட்டு அதை மாற்றிவிடுவாய்.

பரீட்சையில் பாஸ்தான். காலைக்கு மார்க் கிடையாது, பேசினதற்கும் வெட்டிவிட்டார்கள். மூன்றாம் வருடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நாற்பது நாளும் நான் வீட்டுக்குள் பழகவில்லை, நீ கவனித்திருப்பாய்.

இன்றைக்குக் காலை ஆறு மணி இருக்கும். சாரல் விட்டிருந்தது. உனக்குக் குளிக்கத் தண்ணீர் காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். நீ பிள்ளையைத் தோளில் போட்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாய். அது அழுது ஓய்கிற நேரம். உனக்கும் பாதி உறக்கம். மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது, மூடல் பனிபோலத் தரையைத் தொட்டு நின்றது.

நீ நடந்தாய் ஜெஸ்பின். இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பி விழுந்தது. இடது தோள் தாழ்ந்திருந்தது. மூலையில் திரும்பும்போது குதிகாலை ஊன்றி உடம்பு மொத்தமும் ஒரே வீச்சில் திரும்பியது. நூற்றுப்பன்னிரண்டு அடியும் எண்ணின எனக்கு அவர் நடை தெரியாதா? ஆனால் அதில் தள்ளாட்டம் இல்லை. பயம் இல்லை. வீட்டுக்கு வரவேண்டுமே என்று இல்லை, வீட்டிலேயே இருந்தது. நீ எழுதின எந்தக் கடிதத்திலும் இது இல்லை. நீ தோளின் மேலே இருந்தவள், கீழே கால் எப்படிப் போனது என்று உனக்கு எப்படித் தெரியும்?

பத்தொன்பது வருடம் கூடக் குடியிருந்த மனுஷனை இன்றைக்குத்தான் காலையில் பார்த்தேன். நல்லா இருந்தார். அவரோடு நான் பேசியிருக்கலாம், அப்படி இருந்தார்.

இதை எந்த மேடைக்கும் கொண்டுபோகமாட்டேன். மிஸ்ஸிடமும் சொல்லமாட்டேன். உன்னிடம் சொன்னதோடு சரி.

நீ நாலு சுற்று வந்தாய். வாளியைக் கீழே வைத்தால் சத்தம் கேட்டுத் திரும்பிவிடுவாய் என்று, கை இற்றுப்போகிற வரைக்கும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அம்மா